வாய்க்கால் எந்தத் துறைக்குச் சொந்தம்?

சரியான பதில் காதில் விழுந்தால் போதும், ராஜமாணிக்கத்தின் ஆள்காட்டி விரல் தானாக எழுந்து காற்றில் ஒரு டிக் அடிக்கும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் நடத்துநர் சில்லறை கேட்டால், "எந்த ரூல்ல இருக்கு, சொல்லு?" என்பார். நடத்துநர்களுக்கு இதுவரை டிக் விழுந்ததில்லை. அவரைக் கண்டதும் படிக்கட்டுப் பக்கம் நழுவிவிடுகிறார்கள்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் அவர் பொது நிர்வாகத் துறைத் தலைவர். படித்தது சட்டம். வக்கீல் தொழில் கைகொடுக்காத கோபத்தைப் பாடத்திட்டத்தின் மேல் தீர்த்துக்கொண்டார். பொருளாதாரம் போயிற்று, சமூகவியல் போயிற்று. பணி விதிகள் ஒரு தாளாகவும், அவற்றின் திருத்தங்கள் இன்னொரு தாளாகவும் வந்து உட்கார்ந்தன. மிஞ்சியது, விருப்பப்பட்டவர்கள் மட்டும் எடுக்கும் சந்திரலேகாவின் களப்பணித் தாள். அது போனால் தற்காலிக விரிவுரையாளரான அவருக்கும் வேலை போய்விடும்.

அந்தத் தாளுக்கு மாணவர்கள் ஏதாவதொரு வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நடக்க வேண்டும். எங்கே அடைப்பு, யார் வீட்டு வாசலில் தேங்குகிறது என்று பார்த்து வர வேண்டும்.

"வாய்க்கா பின்னாடி நடக்குறதுக்கு டிகிரி எதுக்கும்மா? சட்டம் தெரிஞ்சவன் ஒக்காந்த எடத்துலயே நிர்வாகம் பண்ணுவான்," என்றார் ராஜமாணிக்கம்.

"தண்ணி சட்டம் படிச்சிட்டா சார் வருது?" என்றார் சந்திரலேகா.

விரல் அசையவில்லை. தாளை நீக்கும் தீர்மானத்தில் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கடலூர் ஓரத்தில் அவர் குடியிருக்கும் தெருவின் வாய்க்கால் நிரம்பி, கூடம்வரை வந்து நலம் விசாரித்தது. தெருக்காரர்கள் போன் மேல் போன் போட்டதில் மாநகராட்சி அதிகாரி ஸ்ரீமதி வந்தார். ராஜமாணிக்கத்திடம் படித்து முதல் மதிப்பெண் வாங்கியவர். தண்ணீர் எட்டாத மேட்டில் நின்று வணக்கம் சொன்னார்.

"சார், இது வேற டிபார்ட்மெண்ட் வாய்க்கா. நாங்க கை வச்சா அதிகார மீறல் ஆயிடும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"அது சரிம்மா. அடைப்பு எங்க இருக்கு?"

"அது தெரியல சார். அதெல்லாம் நாங்க படிக்கலியே."

இரண்டு பதிலும் சரி. ராஜமாணிக்கத்துக்குப் பெருமையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தவரின் விரல் பழக்கத்தில் மேலே எழுந்தது, பாதியில் நின்றுவிட்டது. பிறகு அதே கையால் வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடைப்பைத் தேடி வாய்க்கால் ஓரமாக நடக்க ஆரம்பித்தார்.