காற்றாட வைத்த திராட்சை

தங்க நிறத்தில் மினுக்கும் உலர்திராட்சையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். அதைப் பாக்கெட் போடும் கம்பெனியின் சோதனைக்கூடத்தில்தான் என் அக்காவுக்கு வேலை.

திராட்சை காய்ந்தால் கறுத்துவிடும். கறுத்ததைக் கடையில் எவரும் சீந்துவதில்லை. அதனால் கந்தகப் புகை காட்டுவார்கள். நிறமும் நிற்கும், சரக்கும் கெடாது. அளவோடு காட்டினால் தப்பில்லை. அந்த அளவைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அக்கா. அளவு மீறினால் மேனேஜர் ஒரு வழி வைத்திருந்தார். சாம்பிளை மட்டும் தட்டில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் காற்றாட விட வேண்டும். கந்தகம் பறந்து அளவு இறங்கிவிடும். மூட்டையில் இருப்பது அப்படியே இருக்கும். இதற்குச் சோதனை என்று பேர், கர்மம்!

"எல்லா இடத்துலயும் நடக்கிறதுதான்டி," என்பாள் அக்கா.

"அதுக்காக நாத்தம் போயிடுமா?" என்று நான் எரிந்து விழுவேன்.

மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, இழுப்பு உண்டு. கந்தகம் ஆகவே ஆகாது. கம்பெனியில் ஆளுக்கொரு பாக்கெட் இலவசமாகக் கொடுத்ததை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவர் தயங்கினார்.

"பயப்படாம சாப்பிடுங்க. நானே பாஸ் பண்ணின சரக்கு," என்று பிரித்துக் கொடுத்தாள் அக்கா. எத்தனை முறை பொய்யாகப் போட்டாளோ, தன் கையெழுத்தைத் தானே நம்பிவிட்டாள், பாவி!

ஒரு பிடிதான் தின்றார். உதடு நீலம் பாரித்துவிட்டது. இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சு திரும்புவதற்குள் எங்களுக்கு உயிர் போய் வந்தது.

மறுநாள் அக்கா மிச்சப் பாக்கெட்டை மேனேஜர் மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னாள். அந்த மனுஷன் நிஜமாகவே வருத்தப்பட்டாராம்.

"அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? எங்க வீட்டுக்கு நான் புகை காட்டாத கறுப்புச் சரக்குதான் எடுத்துட்டுப் போறேன். உங்களுக்கும் அதையே குடுத்திருப்பேனே!"

தூ!

அக்கா நேரே சோதனைக்கூடத்துக்குப் போய் மின்விசிறியை நிறுத்தினாள். தட்டில் கிடந்ததைக் குப்பையில் கொட்டினாள். மூட்டைக்குள் கைவிட்டுப் புதிதாக ஒரு பிடி எடுத்துச் சோதித்தாள். வந்த அளவை வந்தபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று சரக்கு லாரி கிளம்பவில்லை.