எனக்கு முன்னால் போன பெட்டி

என் இரண்டாவது பிரசவத்துக்கு எனக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தது ஒரு தகரப் பெட்டி. நான் போனது அதற்குப் பதினோரு நாள் கழித்து. அந்தப் பதினோரு நாளும் ஏழாம் நம்பர் கட்டிலுக்கு அடியில் அது சௌகரியமாக இருந்தது. நான்தான் வீட்டில் இரண்டு பழஞ்சேலைகளை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு, சீப்பில்லாமல் தலையைக் கையால் கோதிக்கொண்டு திரிந்தேன். என் நல்ல சேலைகளும் சீப்பும் பெட்டிக்குள் இருந்தன.

இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள். அப்போது நானும் சிரித்தேன். ஆனால் அத்தை பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான் சிரிப்பேன். அத்தை என்பது என் மாமியார்.

யுத்த காலம் அது. துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று தூத்துக்குடியில் பாதிப் பேர் ஓட்டப்பிடாரம் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்கு ஓடிப்போய், குண்டு விழாததால் கொஞ்சம் மனக்குறையோடு திரும்பி வந்திருந்தார்கள். அத்தை மட்டும் அசையவில்லை. "குண்டு விழுந்தா விழட்டும். கடையப் பூட்டிட்டுப் போனா எவன் பாப்பான்?" என்று சொல்லிவிட்டாள். குண்டுக்குப் பயப்படாத அந்த மனுஷி ராகு காலத்துக்குப் பயப்படுவாள். ராகு காலத்தில் அரிசிப் பானையைக்கூடத் திறக்க மாட்டாள்.

பிள்ளை தாயைப் போலத்தானே இருக்கும். என் வீட்டுக்காரர் கருப்பட்டி மொத்த வியாபாரி. கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பஞ்சாங்கம் தொங்கும். அதைப் புரட்டாமல் ஒரு சிப்பம் கருப்பட்டி வெளியே போகாது. எறும்பு மட்டும்தான் அங்கே நேரம் பார்க்காமல் வந்து போகும்.

இந்த லட்சணத்தில் சர்க்கார் வேறு ஒரு காரியம் செய்தது. யுத்தத்துக்காக என்று சொல்லி நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. ரயில் புது மணிக்கு ஓடியது, ஆபீஸ் புது மணிக்குத் திறந்தது. ராகுவுக்கு யார் போய்ச் சொல்வது? வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம் என்றால் அது பழைய பத்தரையா, புதுப் பத்தரையா? ஊரில் இதற்கு இரண்டு கட்சிகள் இருந்தன. என் வீட்டுக்காரர் இரண்டு கட்சிக்கும் பொதுவான ஆள். எதற்கு வம்பு என்று இரண்டு ராகு காலத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டார். அவர் கணக்கில் வெள்ளிக்கிழமை ராகு பத்தரைக்கு உட்கார்ந்தால் ஒரு மணிக்குத்தான் எழுந்திருப்பார். ஒன்றரை மணி நேரம் இரண்டரை மணி நேரமாகிவிட்டது. யுத்தத்தில் எல்லாச் சாமானும் குறைந்தபோது எங்கள் வீட்டில் கூடினது இது ஒன்றுதான்.

சிரிக்கிற விஷயம்தான். எனக்கு அதில் பாதிதான் சிரிப்பு.

அதற்கு மூன்று வருஷம் முன்னால் என் தலைப்பிரசவம். எனக்குத் தாய் இல்லை, அதனால் அது புகுந்த வீட்டிலேயே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து வலி. சாயங்காலம் மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, "இது என் கைக்கு மிஞ்சின காரியம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றாள். குதிரை வண்டி வாசலுக்கு வந்தபோது மணி நாலரை. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு மணி வரை ராகு காலம். "ஆறு அடிக்கட்டும்" என்றாள் அத்தை. வண்டி வாசலில் நின்றது. நான் உள்ளே கிடந்தேன். குதிரை காலை மாற்றி மாற்றி வைக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. ஆறு அடித்ததும் போனோம். ஆண் பிள்ளை. அழவே இல்லை.

அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி அப்புறம் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அத்தையை என்ன சொல்லுவேனோ என்று எனக்கே பயம். அதற்குப் பதிலாக மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போட்டேன். குழம்பில் புளி கூடினால் சண்டை, கோலம் கோணினால் சண்டை. மூன்று வருஷத்தில் அத்தை கொடுத்த எதையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் நான் கைநீட்டி வாங்கினதே இல்லை.

மறுபடி உண்டாகி எட்டு மாதம் ஆனபோது ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பொதுவாகச் சொன்னேன். இந்தத் தடவை மருத்துவச்சி வேண்டாம், ஆஸ்பத்திரிதான். வலி எடுத்த நிமிஷம் புறப்பட வேண்டும். யாரும் மணி பார்க்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் கையில் எடுத்த சோற்றோடு அத்தையைப் பார்த்தார். அத்தை ரசத்தைப் பார்த்தாள். அன்றைக்கு முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் தகரப் பெட்டியை எடுத்து வெயிலில் காயவைத்தாள். "பரஸ்தானம் வைக்கப் போறேன்" என்றாள்.

பரஸ்தானம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பயணம் போகவேண்டிய நாள் சரியில்லை என்று தெரிந்தால், அதற்கு முன்னால் நல்ல நாள் பார்த்து நம் சாமான் ஒன்றை இன்னொரு இடத்தில் கொண்டு வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் தொடங்கியாயிற்று. பிறகு ஆள் எப்போது புறப்பட்டாலும் தோஷமில்லை. ஆனால் வைத்த சாமான் வீடு திரும்பக் கூடாது. கொழும்புக்குக் கப்பலேறுகிற வியாபாரிகள் நாலு நாள் முந்தியே குடையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே கடைத்தெருவுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பிரசவத்துக்கு யாரும் பரஸ்தானம் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கொழும்பும் ஆஸ்பத்திரியும் அத்தைக்கு ஒன்றுதான், இரண்டும் மருந்து வாடை அடிக்கிற அந்நிய தேசம்.

ஆஸ்பத்திரியில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்: பழைய மெல்லிய துணி, சோப்பு, டம்ளர், போர்வை. அத்தை அதோடு சுக்கு, ஓமம், வசம்பு, பெருங்காயம், நல்லெண்ணெய், கருப்பட்டி நாலு வட்டு, காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க இரும்புப் பாக்குவெட்டி, அதுவும் போதாதென்று ஒரு விளக்குமாறு எல்லாம் வைத்தாள். சீட்டில் கண்ட துணிக்குத்தான் திண்டாட்டம். துணி கிடைக்காத காலம். என் வீட்டுக்காரருடைய பழைய மல் வேட்டிகள் மூன்றையும் அத்தை சதுரம் சதுரமாகக் கிழித்துவிட்டாள். மிச்சமிருந்த ஒட்டுப்போட்ட வேட்டியில் அவர் ஒட்டை உள்மடிப்பில் மறைத்துக் கட்டிக்கொண்டு, கடையில் எழுந்து நிற்காமலே வியாபாரம் செய்தார்.

ஒரு வளர்பிறைத் திங்கட்கிழமை காலையில் பெட்டி புறப்பட்டது. நான் வாசல்வரைகூட வரக் கூடாது என்று உத்தரவு. அத்தை சூடம் காட்டினாள். எதிரில் சுமங்கலி வருகிறாளா என்று எட்டிப் பார்த்துத்தான் வண்டியை ஓட்டச் சொன்னாள். அவளும் என் வீட்டுக்காரரும் பெட்டியோடு போனார்கள். எனக்குக் கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்தபோதுகூட இவ்வளவு மரியாதை நடக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததை என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். பிரசவ வார்டைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மா நாசரேத்துக்காரி. அவள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஆளு எங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"பின்னால வருவா" என்றிருக்கிறார் இவர்.

"எப்போ?"

"வலி எடுத்த பொறவு."

விஷயத்தை விளக்கிச் சொன்னதும் நர்ஸம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாளாம். "எங்க ஊர்ல ஜெபம் பண்ணிட்டுப் புறப்படுவோம்மா, பெட்டிய முன்னால அனுப்புத வழக்கம் இல்ல" என்றாளாம். அத்தை அசரவில்லை. "நீங்க ஜெபம் பண்ணுங்க, நான் பெட்டிய அனுப்புதேன். ரெண்டுல எது முந்திப் போய்ச் சேந்தாலும் நல்லதுதான்" என்றாளாம். பெட்டிக்கு இடம் கிடைத்தது. விளக்குமாற்றை மட்டும் நர்ஸம்மா வெளியே எடுத்து, வார்டு கூட்டுகிறவளிடம் கொடுத்துவிட்டாள்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஐந்து நாளுக்கு மேல் பரஸ்தானம் தாங்காது என்று என் வீட்டுக்காரர் எங்கேயோ படித்துவிட்டு வந்தார். ஐந்தாம் நாள் என் பாய் போனது. அதற்கும் ஐந்தாம் நாள் நான் தண்ணீர் குடிக்கிற செம்பு போனது. செம்பை வாங்கி வைத்துக்கொண்டு நர்ஸம்மா, "இனி ஆளு மட்டும்தான் பாக்கி" என்றாளாம். எனக்கு எரிச்சலாக வந்தது. வெறுந்தரையில் பழஞ்சேலையை விரித்துப் படுத்துக்கொண்டு, இவ்வளவு பைத்தியத்தையும் செய்கிறவள் அன்றைக்கு வண்டியை விட்டிருந்தால் என்ன என்று மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே கிடப்பேன்.

செம்பு போன மறுநாள் வெள்ளிக்கிழமை. இட்லிக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தபோது வலி எடுத்தது. கொஞ்ச நேரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் கடைக்கு ஓடிப்போய்ச் சொல்ல, என் வீட்டுக்காரர் வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவசரத்தில் வேட்டியின் ஒட்டு வெளியே தெரிந்தது. வாசற்படியில் ஒரு காலை வைத்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால். வைத்த காலை எடுத்துவிட்டார்.

"அம்மா, வெள்ளிக்கிழமைலா? ராகு காலம் ஆரம்பிச்சிட்டு. மேக்க சூலம் வேற" என்றார்.

சூலம் இருக்கிற திசைக்கு அன்றைக்குப் பயணம் ஆகாது. எங்கள் ஊரில் கிழக்கே கடல். ஆஸ்பத்திரி மேற்கேதான் இருந்தாக வேண்டும்.

"எதுவரைக்கும்?" என்றாள் அத்தை.

"பழைய மணியையும் சேத்துப் பாத்தா ஒரு மணி."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் குதிரை காலை மாற்றி வைத்தது. அந்தச் சத்தம் கேட்டதும் நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். வலியினால் இல்லை, பயத்தினால். அத்தையை மட்டும் பார்த்தேன்.

அத்தை இடுப்பில் சேலையை இழுத்துச் செருகினாள்.

"ஏலே, இப்ப யாரு புறப்படப் போறா?"

"இவதான்."

"இவ போயிப் பதினோரு நாளாச்சுலே. பெட்டி போச்சு, பாய் போச்சு, நேத்துச் செம்பும் போச்சு. ஒடம்பு மட்டும்தான் இங்கன கெடக்கு. அதக் கொண்டு போயிச் சேக்கதுக்கு என்னத்துக்கு நேரம் பாக்கே? வண்டில ஏத்துலே!"

"சூலத்துக்கு வெல்லம் தின்னுட்டுப் போகணும்னு..."

அத்தை ஒரு துண்டுக் கருப்பட்டியை என் வாயில் திணித்தாள். இன்னொரு துண்டை அவர் வாயில் திணித்தாள். அவர் வாய் அடைபட்டது. வண்டி புறப்பட்டது.

வழி முழுக்க அத்தை வண்டிக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தாள். குதிரையையும் திட்டினாள். என் கையை மட்டும் விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன அரை மணி நேரத்தில் பெண் பிறந்தாள். உடனே அழவில்லை. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, இரண்டு ராகு காலத்தைவிட நீளமாக இருந்தது. பிறகு வீறிட்டாள். கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். ஒரு மணி வரைக்கும் வீட்டில் இருந்திருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னாள். வெளியே என் வீட்டுக்காரர் கையில் கடிகாரத்தோடு நின்று, மகள் பழைய மணிப்படி பிறந்தாளா, புது மணிப்படி பிறந்தாளா என்று குறித்துக்கொண்டிருந்தாராம். எப்படிக் குறித்தாலும் ராகு காலம்தான்.

மறுநாள் மத்தியானம் என் படுக்கையைச் சரிசெய்ய வந்த நர்ஸம்மா, பெட்டியைக் காலால் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். நான் சிரித்தேன். "எங்க அத்தையோட கூத்து, நீங்கதான் பாவம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

"பெட்டிய வைக்க வந்த அன்னைக்கு ஒங்க வீட்டுக்காரர முன்னால போகச் சொல்லிட்டு, ஒங்க அத்தை எங்கிட்டத் தனியா ஒண்ணு கேட்டாங்க" என்றாள். "போன தடவ ஒன்றரை மணி நேரம் முந்திக் கொண்டாந்திருந்தா அந்தப் பய பொழச்சிருப்பானான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது ஆருக்குத் தெரியும்னு சொன்னேன். அவங்க நம்பல. 'பொழச்சிருப்பான்'னு அவங்களே சொல்லிட்டு, குனிஞ்சு பெட்டியக் கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிட்டுப் போனாங்க."

நர்ஸம்மா போய்விட்டாள். பக்கத்தில் மகள் தூங்கினாள். அவளைச் சுற்றியிருந்தது அவளுடைய அப்பாவின் வேட்டி. அத்தையால் பஞ்சாங்கத்தை மீற முடியவில்லை, அறுபது வருஷமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறாள். அதற்குள்ளேயே எனக்கு ஒரு வாசலைத் தேடித் திறந்து வைத்திருக்கிறாள். முதல் பிள்ளை போனது மூன்று வருஷமாக அவளுக்கு உறைக்கவே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புக்காக எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

அத்தை உள்ளே வந்தாள். கையில் ஒரு உருண்டை காயம். சுக்கும் பெருங்காயமும் இன்னும் என்னென்னவோ போட்டுக் கருப்பட்டியில் கிளறின பேறுகால மருந்து. தலைப்பிரசவத்தின்போது அதைச் சுவரில் துப்பியவள் நான்.

"வாயத் தொற" என்றாள்.

திறந்தேன். கசப்பும் காரலும் தொண்டையை அடைத்தன. மென்று விழுங்கினேன்.

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னளா, ஒரு வார்த்த எதுத்துப் பேசாமத் திங்கே? காய்ச்சல் அடிக்கா?"