யார் சொன்னா மேடம்

சமூகப் பணிக் கல்லூரியில் அவருக்கு மாணவர்கள் வைத்த பட்டம் 'யார் சொன்னா மேடம்'. வெளியே மழை பெய்கிறது என்றால்கூட 'யார் சொன்னா?' என்று கேட்கிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

வாரா வாரம் அவருடைய மாணவர்கள் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு இணையத்தில் குறும்பதிவு போட வேண்டும். யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்று நாலே வரியில் எழுத வேண்டும். நாளைக்கு வீடு வீடாகப் போய்க் குடும்பங்களைப் பற்றி அறிக்கை எழுதப்போகிறவர்கள் இவர்கள். காதில் விழுந்ததையெல்லாம் எழுதினால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துவிடும் என்று கத்திக் கத்தியே மேடத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. போட்ட பதிவை அழிக்கக்கூடாது, தப்பென்றால் அதன் கீழேயே சொந்தப் பெயரில் திருத்த வேண்டும் என்பது வகுப்பின் சட்டம்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், விடைத்தாள் கட்டுக்கு நடுவில், கோட்டை விட்டார். தங்கை ஒரு படம் அனுப்பியிருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண், அழுகிற சிறுவனைத் தரதரவென்று இழுத்துப்போகிறாள். கீழே, 'பிள்ளை பிடிக்கிறவள், உஷார்!' என்று எழுதியிருந்தது. தங்கைக்கும் அதே வயதில் மகன். மேடத்துக்குப் பகீரென்றது. 'பெற்றோர் கவனத்துக்கு' என்று ஒரு வரி சேர்த்து அப்படியே பகிர்ந்துவிட்டார்.

மறுநாள் காலை ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மேடம், அது எங்க தெரு அக்கா. குழந்தைங்க காப்பகத்துல வேலை பாக்கறாங்க. கூட இருக்கறது அவங்க மக வயித்துப் பேரன். பல் டாக்டர்கிட்ட வரமாட்டேன்னு அழுதிருக்கான். நீங்க போட்டதக் காட்டி, 'காலேஜ் மேடம் சும்மாவா போடுவாங்க'ன்னு சொல்லி அவங்கள வேலைய விட்டு நிறுத்திட்டாங்க."

மேடம் கைபேசியை எடுத்தார். உடனே பதிவை அழித்தார். சொந்தப் பெயரில் மன்னிப்புக் கேட்டு எழுதினார்.

"அழிக்கக்கூடாதுன்னு நீங்கதானே மேடம்..."

"அது எழுதினவங்க தன் தப்ப மறைக்கக்கூடாதுன்னு போட்ட சட்டம்மா. ஆனா படத்துல இருக்கற முகம் அவங்களோடது."

அன்றைக்கே படத்திலிருந்த பெண்ணின் வீட்டுக்குப் போனார். கதவு பாதிதான் திறந்தது. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது மேடத்துக்கு. அவளோ, "எனக்கு வேலை வேணும்மா" என்று மட்டும் சொன்னாள். பேரனையும் கூட்டிக்கொண்டு மூவரும் காப்பகத்துக்குப் போனார்கள். பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துப்போக வருகிற நேரம். அத்தனை பேர் முன்னாலும் "தப்பு என்னோடது, நான் விசாரிக்காமப் போட்டுட்டேன்" என்றார் மேடம். பொறுப்பாளர் கொஞ்சம் மென்று விழுங்கிவிட்டு, "சரி, திங்கக்கிழமை வந்துரு" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. பல் டாக்டரிடம் இன்னொரு தடவை போக வேண்டும் என்றாள் அவள். மேடமும் கூடவே நடந்தார். பேருந்து நிறுத்தம் வந்ததும் பையனுக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்து, வீல் என்று கத்தினான்.

அவள் சட்டென்று அவன் கையை விட்டுவிட்டாள். இரண்டடி தள்ளிப்போய் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். வண்டிகள் விரைகிற சாலையோரத்தில் பிள்ளை தனியே கிடந்து அழுதான்.

மேடம்தான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.