ரசம் தாங்கும் டப்பா

எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டின் மாடியில் ஒரு மாமி இருக்கிறார். வீட்டிலேயே சமைத்துப் பார்சல் சாப்பாடு அனுப்புகிறவர். கே.கே. நகரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கேட்டிருந்தார்கள். நன்றாக அமைந்தால் அந்த வீட்டுக்காரப் பெண்ணின் அலுவலகத்துக்கும் மதியச் சாப்பாடு மாமியுடையதுதான். ஒரே நிபந்தனை: எல்லாம் மக்கும் டப்பாவில் வர வேண்டும்.

"மாமா, மக்கும்னு பச்சை எழுத்துல போட்டிருக்கானே, போறாதா?" என்று ஒரு கவரை நீட்டினார் மாமி.

அரசாங்கக் கொள்முதல் பிரிவில் தலை நரைத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? பச்சை எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சான்றிதழ் எண் வேண்டும், தயாரிப்பாளர் பெயர் வேண்டும். இரண்டும் இல்லை, ஓர் இலைப் படம் இருந்தது. சாதாரண பிளாஸ்டிக்கில் ஏதோ கலந்து, வெயிலில் நொறுங்கும்படி செய்த சரக்கு. நொறுங்கினாலும் அது பிளாஸ்டிக்தான். பொறுக்கி எடுக்க முடியாது என்பதுதான் அதன் முன்னேற்றம்.

முறைப்படி மாதிரிகளை வரவழைத்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். என் மனைவி கொதிக்கும் ரசத்தோடு வந்தாள்.

கண்ணாடி போன்ற டம்ளர், சோள மாவிலிருந்து செய்தது. ரசம் விழுந்ததும் மாலை நேரத்து மேனேஜர் மாதிரி மெல்லச் சாய்ந்தது. தயிர்ப் பச்சடிக்கும் மோருக்கும் சரி, சூட்டுக்கு ஆகாது. அடுத்து, மாவுச்சத்து கலந்த மெல்லிய பை. முடிச்சுப் போட்ட இடத்தில் கசிந்தது. குப்பைக் கூடைக்கு உள்ளே போட நல்ல பை. காய்கறித் தோலோடு சேர்ந்து அதுவும் மக்கும். மூன்றாவது, நுண்ணுயிர்களை வைத்துச் செய்வது. மண்ணிலும் கடலிலும்கூடக் கரையுமாம். விலையைக் கேட்டதும் மாமியே கரைந்துவிட்டார்.

கடைசியாக ஒரு வெள்ளை டப்பா. அதே சோளச் சரக்குதான், சூடு தாங்கும்படி இறுக வைத்தது. கொதிக்கும் ரசத்துக்கும் அசையவில்லை.

"நம்மாத்துச் செடித் தொட்டியில புதைச்சா மக்குமோன்னோ?" என்றாள் மனைவி.

"மக்காது. உரம் செய்யற ஆலையில இருக்கிற சூடு வேணும். அடையாத்துல விட்டெறிஞ்சா மத்த பிளாஸ்டிக்கோட சேர்ந்து இதுவும் மிதக்கும்."

"அப்போ சாப்பிட்டவா டப்பாவை மாமிகிட்டயே திருப்பித் தரணும். அதையும் எழுதி ஒட்டிடுங்கோ."

ஒட்டினேன். வெள்ளை டப்பாவுக்கு ஒப்புதலும் அளித்தேன்.

ஞாயிறு காலை மாடியிலிருந்து "ஐயையோ!" என்று கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் வரிசையாக வெள்ளை டப்பாக்கள், அடியில் ஓட்டை, மேடையெல்லாம் நெய். மொத்தமாகத் தாளித்தால் கடைசியில் வாங்குகிறவருக்குக் கடுகு கிடைக்காதாம். ஆகவே மாமி ஒவ்வொரு டப்பாவிலும் முதலில் கரண்டித் தாளிப்பைப் புகையப் புகைய விட்டு, அப்புறம் ரசத்தை ஊற்றுவதாகத் திட்டம். என் சோதனையில் ரசம் இருந்தது. தாளிப்பு இல்லை.

"சூடு தாங்கும்னேளே!"

"ரசத்துச் சூடு தாங்கும். நெய்ச் சூட்டை யார் கேட்டா? ஆறினப்புறம் விட்டிருக்கலாமே?"

"ஆறினா அது தாளிப்பா? எண்ணெய்ப் பிசுக்கு!"

கீழே ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார்: "இன்னா மாமி, ஏத்தலாமா? எவ்ளோ நேரம் நின்னுகினு கீறது?"

மற்றவையெல்லாம் டப்பாக்களில் ஏறின. ரசம் மட்டும் எவர்சில்வர் அடுக்கில், மாமியின் மடியில், கே.கே. நகர் போனது. நான் பின்னால் ஸ்கூட்டரில்.

அங்கே மாமி வீட்டுக்காரர்களின் டம்ளர்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் சுடச்சுடத் தாளித்து ஊற்றினார். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கே கூட்டம் சமையலறைக்கு வந்துவிட்டது. மூன்றாவது டம்ளரைக் குடித்துவிட்டு வீட்டுக்காரப் பெண் சொன்னாள்: "ஆன்ட்டி, திங்கள்லேர்ந்து ஆபீஸுக்கு அனுப்புங்க. ஆனா ரசம் கண்டிப்பா இதே மாதிரி இருக்கணும்."

மாமி சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கேட்டேளா மாமா? இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. தாளிப்புச் சூடு தாங்கற டப்பாவுக்கு எந்தக் கடை தொறந்திருக்கும்?"