கோட்டைமேட்டின் வடமேற்கு மூலை

பென்னாகரத்துக்கு மேற்கே இருக்கும் அந்தக் கோட்டைமேட்டில் கோட்டை கிடையாது. ஆளுயர மண்கரை நான்கு பக்கமும் ஓடுகிறது. வெளியே தூர்ந்துபோன பள்ளம். பாளையக்காரன் கட்டியது என்பார்கள். பஞ்சத்தில் கஞ்சிக்கு மண் சுமந்தவர்கள் போட்டது என்றும், வெறும் மாட்டுப்பட்டி என்றும் சொல்வதுண்டு. எதற்கும் சான்று இல்லை. சான்று இல்லாத இடத்தில்தான் ராஜாக்கள் பெருகுகிறார்கள்.

கரையோரக் குடிசையில், சேரியைவிட்டு விலகி, செல்லி தனியாக இருந்தாள். 1976 ஐப்பசியில் அவளுடைய மூன்று மாதப் பிள்ளை காய்ச்சலில் இறந்தது. சேரிக்காரர்களின் சுடுகாட்டுக்கு வழி, ஊர்ப் பெரியவர் வெங்கடாசலத்தின் கேழ்வரகுக் கொல்லையைக் கடந்தது. பயிர் நிற்கும்போது பிணம் போகக்கூடாது என்றார் அவர். செல்லியும் புருஷனும் பிள்ளையை மேட்டின் வடமேற்கு மூலையில் புதைத்து, மேலே அதற்குப் பால் புகட்டிய பாலாடையை வைத்து மூடினார்கள். ஒரு பருவம் முழுக்கப் புளி தட்டி, பாப்பாரப்பட்டிச் சந்தையில் அவள் வாங்கிய பித்தளைப் பாலாடை. அடுத்த மாதம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன புருஷன் திரும்பவே இல்லை.

1984 கோடையில் தொல்லியல் ஆராய்ச்சி அதிகாரி கிருஷ்ணப்பன் மேட்டைத் தோண்ட வந்தார். மண் சுமக்கச் செல்லியும் போனாள். இரண்டு நாளும் ஓட்டுச் சில்லுகள்தான் கிடைத்தன. மூன்றாம் நாள் வடமேற்கு மூலையில் குழி தோண்ட அளந்து கயிறு கட்டினார்கள்.

“அந்த மூலை வேணாம் சாமி,” என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை.

முழங்கால் ஆழத்தில் பாலாடை வந்தது.

“பாத்தீங்களா சார்! இளவரசனுக்குப் பால் குடுத்தது!” என்று துள்ளினார் வெங்கடாசலம்.

“என் புள்ளையோடதுங்க,” என்றாள் செல்லி.

“உங்க வூட்ல கஞ்சி குடிக்கறதே அலுமினியத் தட்டுல. பித்தளை எங்கடி வந்துச்சு? ராஜா வூட்டு மருமகளா நீ?” கூட்டம் சிரித்தது.

கிருஷ்ணப்பன் கேட்டார்: “ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?”

“இன்னும் ஒரு முழம் தோண்டுனா இருக்குதுங்க. தோண்ட வுடமாட்டேன்.”

குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள்.

“இழுத்துப் போடுங்கடா அவள!” என்றார் வெங்கடாசலம். கிருஷ்ணப்பன் கையைக் காட்டித் தடுத்தார். கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அவள் பாலாடையைக் கேட்டபோது மட்டும், “அரசாங்கச் சொத்தும்மா,” என்றார். பதிவேட்டில் எழுதினார்: பித்தளைப் பாலாடை, ஒன்று. காலம் தெரியவில்லை. பெற்றவள் பத்தடி தூரத்தில் இருந்தாள். எந்த வருஷம் என்று அவளைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

எல்லோரும் கலைந்தார்கள். ஒரு கை மண் தள்ள ஒருவரும் நிற்கவில்லை. செல்லி கைகளாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினாள். மிதித்து இறுக்கவில்லை, உள்ளங்கையால் தட்டித் தட்டி மட்டமாக்கினாள். பிறகு வேலமுள் வெட்டி வந்து மேலே பரப்பினாள்.