காணாமல் போன மகள்

கொழும்பில், புதுக்கால வடிவமைப்புகளை வைத்திருக்கும் அருங்காட்சியகம் ஒன்றில் நிற்கிறேன். அப்பாவை வைத்தியரிடம் காட்ட யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தை லொட்ஜில் தங்கியிருக்கிறோம். பின்னேரம்தான் வைத்தியர் வருவார். அதுவரை குளிர்மையான இடத்தில் இருக்கட்டும் என்று அவரை இங்கே கூட்டிவந்தேன்.

மீன்வலை நூலில் பின்னிய விளக்கொன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். அப்பாவைக் காணவில்லை.

அவருக்குக் கொஞ்சக் காலமாக மறதி. எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள்ளேயே வழி தவறுகிறவர். வெளியே காலி வீதியில் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுகின்றன. இரண்டு மூன்று அறைகளில் தேடிவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். அங்கே காவலுக்கு நிற்பவர் கொச்சிக்கடைத் தமிழ்ப் பெண்.

"அக்கா, நீலச் சேட் போட்ட ஐயா ஒருத்தர் வெளியில போனவரோ?"

அவர் சிரிக்கிறார். "காணாமப் போன மகள் நீங்கதானா? மகளைத் தேடித் தாங்க எண்டு ஐயா அப்பவே வந்து கேட்டார். நாங்க தேடுறோம், நீங்க இருங்க எண்டு உள்ள இருக்க வச்சிருக்கேன்."

'தொடாதீர்கள்' என்ற அட்டைகள் நிறைந்த அறையில், இருந்து பார்ப்பதற்கென்றே வைத்த ஒரேயொரு பிரம்புக் கதிரையில் அப்பா சாய்ந்திருக்கிறார்.

"எங்க பிள்ளை போனனீ? இது பெரிய இடம். உனக்கு இங்க ஒண்டும் தெரியாது."

"இனிப் போகமாட்டன், அப்பா."

அவருக்குப் பக்கத்தில் தரையிலேயே இருந்துவிடுகிறேன். அவர் என் தலையைத் தடவுகிறார்.

"பயந்து போனியோ?"

"ஓம்" என்கிறேன்.