டேலியாக் கிழங்குக்கு ஒரு மனு

சர்க்கார் வீட்டைக் காலி செய்யும் குமாஸ்தா தான் பயிரிட்டதன் விளைச்சலை எடுத்துக்கொள்ளலாம். மரமும் செடியும் வீட்டோடு நிற்க வேண்டும் என்பது விதி. டேலியாவோ பூ ஓய்ந்ததும் தோண்டியெடுத்து, நிழலில் உலர்த்தி, அடுத்த நடவு வரை மணலில் புதைத்து வைக்கும் கிழங்கு. ஆகவே விளைச்சல். ஆகவே என்னுடையது. சந்தேகப்பட இதில் ஒன்றுமில்லை. நான் சந்தேகப்பட்டேன்.

யுத்தகாலம் அது. தருமபுரியிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டிக்கு எனக்கு மாற்றல் வந்தது மாசியில். தண்டுகள் பாதி காய்ந்திருந்தன. கிழங்குகள் என் மாமனார் கொடுத்தவை. பெங்களூரில் ஒரு துரை பங்களாவில் தோட்டவேலை பார்த்த அவர், இறப்பதற்கு முந்தின வருஷம் ஒரு கோணிப்பையில் கொண்டுவந்தார். கருஞ்சிவப்புப் பூ, சாப்பாட்டுத் தட்டு அகலம். அவர் நினைவாக என் மனைவியிடம் வேறு எதுவும் இல்லை.

"டேலியா விளைச்சலில் சேருமா?" என்று மேலிடத்துக்கு மனு எழுதினேன். எழுதாதவரை விதி என் பக்கம் இருந்தது. எழுதியதும் விஷயம் பரிசீலனையில் இருப்பதாகிவிட்டது. பரிசீலனையில் உள்ளதைத் தொடக்கூடாது. அதுவும் விதிதான்.

"எங்கப்பன் குடுத்த கெழங்க எடுக்க எவன் உத்தரவு போடணும்?" என்றாள் மனைவி.

"வந்துடும், பொறு" என்றேன்.

பொறுக்க முடியாதவன் நான்தான். ஞாயிறுதோறும், பெட்ரோல் பஞ்சத்தால் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் இருமிக்கொண்டே தருமபுரி போய், பழைய வீட்டு வேலியோரம் நின்று பார்ப்பேன். என் இடத்துக்கு வந்த குமாஸ்தா நல்ல மனிதர். அந்தப் பாத்தியிலேயே கத்தரி நட்டு, தினம் தண்ணீர் பாய்ச்சினார். தூங்கும் கிழங்குக்கு ஈரம் ஆகாது.

"தண்ணியக் கொஞ்சம் கொறைச்சுக்கலாமுங்களா?"

"கத்தரி காயுதுங்களே! உள்ள வாங்க சார், கடப்பாரை அதோ இருக்குது. தோண்டி எடுத்துக்குங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"உத்தரவு வரட்டுங்க."

"கெழங்கு அதுவரைக்கும் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமுங்களா?" அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, அடுத்த பஸ் எப்போது என்று கேட்டேன்.

சித்திரையில் இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன். ஆபீசில் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை; தபால்காரர் வருவதற்குள் வாசலுக்கு நாலு நடை. வைகாசியில் கோடைமழை மூன்று நாள் கொட்டியது. நான்காம் நாள் மனைவி என்னைக் கேட்காமலே பஸ் ஏறினாள். பின்னாலேயே ஓடி நானும் ஏறினேன்.

குமாஸ்தா நீட்டிய கடப்பாரையை அவள் வாங்கவில்லை. கத்தரிச் செடிகளுக்கு நடுவே குந்தி, கையாலேயே மண்ணைப் பறித்தாள். முதல் கிழங்கு விரலுக்கிடையில் கூழாக வழிந்தது. இரண்டாவதும் அப்படியே. பாத்தி முழுக்கப் பறித்துப் பார்த்தாள். தண்ணீர் மொண்டு வந்து நீட்டினேன். கை கழுவாமல் எழுந்து நடந்தாள். அதே கையோடு பஸ் ஏறினாள்.

மேற்படி கிழங்கு விளைச்சலே, மனுதாரர் தோண்டிக்கொள்ளலாம், குழியைச் சமமாக மூடிவிட வேண்டும் என்று பதில் வந்தது, ஆடிப் பதினெட்டாம் தேதி.